குரூப் 4 தேர்வு: சடையங்குப்பத்திலிருந்து தயாராவது எப்படி?

2025 ஜூலை 12, சனிக்கிழமை. காலை 9.30 மணிக்குத் தமிழ்நாடு முழுக்க ஒரே வினாத்தாள் பிரிக்கப்பட்டது. 3,935 பணியிடங்களுக்கு விண்ணப்பித்தவர்கள் சுமார் 13.89 லட்சம் பேர். ஓர் இடத்துக்கு ஏறத்தாழ 353 பேர். இடங்கள் பிறகு கூட்டப்பட்டன என்றாலும், இந்தக் கணக்கைக் கேட்டதுமே பலர் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அன்று தேர்வறைக்கு வந்தவர்கள் சுமார் 11.48 லட்சம் பேர்தான். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதவே வரவில்லை. வந்தவர்களிலும் பாடத்திட்டத்தை முழுமையாக முடித்தவர்கள் எல்லோரும் இல்லை. உண்மையான போட்டி, முழுதாகத் தயாரானவர்களுக்கு இடையே மட்டும்தான்.

சென்னையின் மணலி மண்டலத்தின் கோடியில் இருக்கும் சடையங்குப்பத்திலிருந்து அந்தப் போட்டிக்குள் நுழைய முடியுமா? முடியும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சிதான் அடிப்படைத் தகுதி. நேர்முகத் தேர்வு கிடையாது. ஒரே ஓர் எழுத்துத் தேர்வு, அதன் பிறகு சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு, பணி ஆணை. இளநிலை உதவியாளர், தட்டச்சர், கிராம நிர்வாக அலுவலர் ஆகிய பணிகளுக்குச் சம்பள விகிதம் ரூ.19,500 முதல் 71,900 வரை. மணலி ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளியாக ஷிஃப்ட் பார்க்கும் ஒருவருக்கு இது குடும்பத்தின் நிலையையே மாற்றும் வேலை.

அதற்கு என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்பதை இந்த அத்தியாயம் சொல்கிறது.

மதிப்பெண் எங்கே இருக்கிறது?

மொத்தம் 200 வினாக்கள், 300 மதிப்பெண்கள், மூன்று மணி நேரம். ஒரு வினாவுக்கு ஒன்றரை மதிப்பெண். பகுதி ‘அ’வில் தமிழ் 100 வினாக்கள். பகுதி ‘ஆ’வில் பொது அறிவு 75, திறனறிவும் மனக்கணக்கும் 25.

தமிழ்த் தாளில் 150க்கு 60 மதிப்பெண், அதாவது 40 சரியான விடைகள், கட்டாயம் வேண்டும். அது இல்லையென்றால் மற்ற நூறு விடைகளைத் தேர்வை நடத்தும் டி.என்.பி.எஸ்.சி. ஆணையம் திருத்தவே திருத்தாது. 2021 டிசம்பர் 1 அன்று வெளியான அரசாணைக்குப் பிறகு வந்த மாற்றம் இது. அதற்கு முன்பு பொது ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தும் எழுதலாம். இப்போது அந்த வழி இல்லை. அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவருக்கு இதைவிட நல்ல மாற்றம் அமைய முடியாது. தேர்வின் பாதி மதிப்பெண் அவருடைய சொந்த மொழியில் இருக்கிறது.

நேரக் கணக்கும் முக்கியம். அறிவிக்கை 2022-ல் மார்ச் 30 அன்று வந்தது, தேர்வு ஜூலை 24 அன்று நடந்தது. 2024-ல் ஜனவரி 30, ஜூன் 9. 2025-ல் ஏப்ரல் 25, ஜூலை 12. இடைவெளி நான்கு மாதத்திலிருந்து இரண்டரை மாதமாகச் சுருங்கியிருக்கிறது. ‘நோட்டிஃபிகேஷன் வரட்டும், அப்புறம் படிக்கலாம்’ என்பவர் தொடங்கும்போது மற்றவர்கள் இரண்டாவது திருப்புதலில் இருப்பார்கள். ஆணையத்தின் இணையதளத்தில் ஆண்டுத் திட்ட அட்டவணை முன்கூட்டியே வெளியாகிறது. அதில் குரூப் 4 தேதியைப் பார்த்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ணி, குறைந்தது எட்டு மாதமாவது கையில் இருக்கும்படி தொடங்க வேண்டும்.

புத்தகத்துக்கு முன் சான்றிதழ்

படிப்பில் தோற்றவர் அடுத்த முறை எழுதலாம். தேர்வில் வென்று சான்றிதழில் தோற்றவரின் வேதனை வேறு. அதனால் முதல் மாதத்தில் முடிக்க வேண்டிய வேலை ஆவணங்களைச் சேர்ப்பது.

சடையங்குப்பத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பூண்டி ஏரியைத் திறந்தால் கொசஸ்தலை ஆற்று வெள்ளம் மணலி புதுநகரையும் இந்த ஊரையும் சூழ்ந்துகொள்கிறது. 2015-ல் நடந்தது, 2021 நவம்பரிலும் நடந்தது. தண்ணீர் வீட்டுக்குள் வரும்போது பீரோவின் அடித்தட்டில் இருக்கும் மதிப்பெண் பட்டியல்தான் முதலில் நனையும். எல்லா அசல்களையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரணில் வைக்க வேண்டும். ஸ்கேன் செய்த நகல்களை மின்னஞ்சலில் தனக்கே அனுப்பி வைத்துக்கொள்ள வேண்டும். சரிபார்ப்பின் முதல் கட்டத்தில் சான்றிதழ்களை இணையத்தில்தான் பதிவேற்றச் சொல்வார்கள். அப்போதும் அந்த நகல்கள் உதவும்.

சாதிச் சான்றிதழில் யார் கையெழுத்திட்டிருக்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும். பழங்குடியினருக்கு 1989 நவம்பர் 11க்குப் பிறகு வட்டாட்சியர் கொடுத்த சான்றிதழ் செல்லாது. கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் நிலையில் வழங்கப்பட்டிருக்க வேண்டும். இங்குள்ள இருளர் குடும்பத்துப் பிள்ளைகள் இதை அறிவிக்கைக்கு முன்பே சரிபார்த்துக்கொள்வது நல்லது. அந்தச் சான்றிதழுக்கான விசாரணை நீண்டுவிட்டால் விண்ணப்பத்தின் கடைசி நாள் காத்திருக்காது. திருமணமான பெண்களின் சாதிச் சான்றிதழ் தகப்பனார் பெயரில் இருக்க வேண்டும். கணவர் பெயரில் வாங்கியதை ஆணையம் ஏற்பதில்லை.

அடுத்தது தமிழ் வழிச் சான்று. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை 2010-ல் சட்டமானது. 2020-ல் வந்த திருத்தத்தின்படி, முதல் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். ஒன்றாம் வகுப்பை ஆங்கில வழி நர்சரிப் பள்ளியில் படித்துவிட்டு, பிறகு அரசுப் பள்ளிக்கு மாறியவருக்கு இது கிடைக்காது. மூன்று பள்ளிகளில் படித்தவர் மூன்று தலைமை ஆசிரியர்களிடமும், ஆணையம் தரும் படிவத்திலேயே கையெழுத்து வாங்க வேண்டும். கோடை விடுமுறையில் பள்ளிக் கதவைத் தட்டிப் பயனில்லை. பள்ளி நடக்கும் மாதங்களில்தான் இந்த வேலை நடக்கும்.

சடையங்குப்பம் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. வருவாய் நிர்வாகத்தில் 2018 வரை திருவள்ளூர் மாவட்டமாகவே இருந்தது. ஆகவே ஒரே வீட்டில் அண்ணனின் சான்றிதழில் திருவள்ளூர் என்றும் தம்பியின் சான்றிதழில் சென்னை என்றும் இருக்கக்கூடும். விண்ணப்பத்தில் சான்றிதழின் எண், நாள், வழங்கிய அலுவலர், இடம் எல்லாம் காகிதத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். நினைவிலிருந்து நிரப்பக் கூடாது.

ஒருமுறைப் பதிவுக்கு ரூ.150 கட்டினால் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். தேர்வுக் கட்டணம் ரூ.100. ஆதிதிராவிடர், பழங்குடியினர் கட்டணம் கட்டத் தேவையில்லை. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு மூன்று முறை சலுகை உண்டு. பிரவுசிங் சென்டரில் கொடுத்து நிரப்பினாலும், ‘சப்மிட்’ அழுத்துவதற்கு முன் திரையில் உள்ள ஒவ்வொரு வரியையும் விண்ணப்பிப்பவரே வாய்விட்டுப் படிக்க வேண்டும். கடவுச்சொல்லையும் பதிவு எண்ணையும் எழுதி வாங்காமல் கடையை விட்டு வரக் கூடாது.

தமிழ்: நூற்றுக்குத் தொண்ணூறு

தற்போதைய பாடத்திட்டத்தில் தமிழ் நூறு வினாக்களும் இப்படிப் பிரிகின்றன: இலக்கணம் 25, சொல்லகராதி 15, எழுதும் திறன் 15, கலைச்சொற்கள் 10, வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் 15, எளிய மொழிபெயர்ப்பு 5, இலக்கியமும் தமிழறிஞர்களும் 15.

இந்தப் பட்டியலைக் கவனித்துப் பார்த்தால் ஒன்று புரியும். மனப்பாடமாகப் படித்தே தீர வேண்டிய இலக்கியப் பகுதி 15 மட்டும்தான். மீதி 85-ல் பெரும்பகுதி பயிற்சியால் வருவது. பலர் புலவர் பெயர்களையும் நூல் பெயர்களையும் உருப்போட்டு மாதங்களைச் செலவிடுகிறார்கள். இலக்கணத்தைத் தேர்வுக்கு முந்தைய வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். வரிசையைத் திருப்பிப் போட வேண்டும்.

பொற்குடம் என்பதைப் பொன் + குடம் என்று பிரிப்பதும், ‘அவை வந்தது’ என்ற பிழையை ‘அவை வந்தன’ என்று திருத்துவதும், விலை, விளை, விழை மூன்றுக்கும் பொருள் சொல்வதும் ஒரே நாளில் படித்து முடிக்கும் சங்கதிகள் அல்ல. நாள்தோறும் இருபது வினா என்று போட்டுப் பார்த்தால் மூன்று மாதத்தில் கை தானாகச் சரியான விடைக்குப் போகும். கலைச்சொற்களுக்குப் பள்ளித் தமிழ்ப் பாடநூல்களில் பாடத்தின் இறுதியில் வரும் பட்டியல்களே போதும். அவற்றை ஒரு நோட்டில் எழுதிவைத்து, பேருந்துக்குக் காத்திருக்கும்போது புரட்டலாம்.

ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையுள்ள தமிழ்ப் பாடநூல்களை முழுதாக, அட்டையிலிருந்து அட்டை வரை படிக்க வேண்டும். பிறகு பதினொன்று, பன்னிரண்டு. பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் அத்தனையும் இலவசம். செல்போனில் படித்துக் கண் வலித்தால், பக்கத்து வீட்டில் தேர்வு முடித்த பிள்ளைகளின் பழைய புத்தகங்களைக் கேட்டு வாங்கலாம்.

பொது அறிவு: சொந்த வட்டாரமே ஒரு பாடநூல்

75 வினாக்களில் தமிழ்நாட்டு வரலாறு, மரபு, பண்பாடு, சமூக அரசியல் இயக்கங்கள் 20. இந்தியப் பொருளாதாரமும் தமிழ்நாட்டின் வளர்ச்சி நிர்வாகமும் 20. இந்திய ஆட்சியியல் 15. வரலாறும் தேசிய இயக்கமும் 10. அறிவியல் 5, புவியியல் 5. முதல் மூன்றிலேயே 55 வந்துவிடுகிறது. இயற்பியல் சூத்திரங்களில் சிக்கிக்கொண்டு ஆட்சியியலைக் கைவிடுவது நட்டக் கணக்கு.

வடசென்னையில் பிறந்தவருக்கு இந்தப் பாடத்தின் பல துண்டுகள் வீட்டு வாசலிலேயே கிடைக்கின்றன. பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கும் சர் தியாகராயா கல்லூரி யார் பெயரில் இருக்கிறது? 1916-ல் தொடங்கிய இயக்கம் நீதிக்கட்சியாக வளர்ந்தபோது அதன் தலைவர்களில் ஒருவராக இருந்த பிட்டி தியாகராயரின் பெயரில். 1920 தேர்தலில் கட்சி வென்றபோது முதலமைச்சர் பதவி தேடி வந்தும் அவர் ஏற்கவில்லை. அவருடைய கட்சி ஆட்சியில்தான் 1921-ல் வகுப்புவாரி அரசாணை வந்தது. அரசு வேலை ஒருசிலருக்கு மட்டும் போகக் கூடாது என்ற கோரிக்கை அன்று ஆணையாக மாறியது. 1929-ல் சென்னை மாகாணத்தில் பணியாளர் தேர்வாணையம் சட்டத்தால் உருவானது. இந்திய மாகாணங்களில் அதுவே முதல் ஆணையம். இன்று பாரிமுனைக்கு அருகே பார்க் டவுனில் இருக்கும் டி.என்.பி.எஸ்.சி. அதன் வாரிசு. இந்த ஒரு தொடரை மனத்தில் பதித்தால் நான்கைந்து வினாக்களுக்கான விடை தனித்தனி ஆண்டுகளாக இல்லாமல் ஒரே கதையாக நிற்கும்.

அதேபோல ராயபுரம் ரயில் நிலையம்: 1856, தென்னிந்தியாவின் முதல் நிலையம். எண்ணூர்: கொசஸ்தலை கடலில் கலக்கும் இடம், காமராஜர் துறைமுகம் இருக்கும் இடம். 1923-ல் சென்னையில் இந்தியாவின் முதல் மே நாளைக் கொண்டாடியவர் சிங்காரவேலர். திருவொற்றியூர்: பட்டினத்தார் அடங்கிய தலம், வள்ளலார் பாடிய தலம். தெரிந்த தெருவோடு சேர்ந்து வரும் செய்தி மறக்காது.

நடப்பு நிகழ்வுகளுக்கு ஒரு தமிழ் நாளிதழ் போதும். மாநில அரசின் நலத்திட்டங்களைப் படிக்கும்போது திட்டத்தின் பெயர், தொடங்கிய ஆண்டு, யாருக்குப் பயன், எந்தத் துறை என்ற நான்கையும் ஒரே வரியில் எழுதிக்கொள்ள வேண்டும்.

கணக்கு 25: கடையில் மிஞ்சும் காசு

திறனறிவு 15, காரணவியல் 10. இதில் கேட்கப்படுபவை எண்ணிச் சொல்லக்கூடிய சில தலைப்புகள்தான்: சுருக்குதல், விழுக்காடு, மீ.பொ.கா., மீ.சி.ம., விகிதம், தனிவட்டி, கூட்டுவட்டி, பரப்பளவு, கன அளவு, காலமும் வேலையும்.

தெருவில் தேங்கிய வெள்ளத்தை ஒரு மோட்டார் 6 மணி நேரத்திலும் இன்னொன்று 12 மணி நேரத்திலும் இறைக்கும் என்றால், இரண்டும் சேர்ந்தால் எவ்வளவு நேரம்? பெருக்கல் 72, கூட்டல் 18, வகுத்தால் 4 மணி. ரூ.8,000க்கு 5 விழுக்காட்டில் இரண்டு ஆண்டுகளுக்குத் தனிவட்டி ரூ.800, கூட்டுவட்டி ரூ.820, வித்தியாசம் ரூ.20. அசலை 5/100-ன் வர்க்கத்தால் பெருக்கினால் அந்த 20 ஒரே வரியில் வந்துவிடும். கணக்கு என்றாலே ஒதுங்குபவர்கள் கூட, நாளுக்கு ஐந்து கணக்கு என்று ஆறு மாதம் போட்டால் 25-ல் 20 எடுக்கலாம். பழைய குரூப் 4 வினாத்தாள்களும் விடைக்குறிப்புகளும் ஆணையத்தின் இணையதளத்திலேயே கிடைக்கின்றன. கடையில் வாங்கும் கைடுகளைவிட அவையே நம்பகமானவை.

எங்கே படிப்பது, யாரிடம் கேட்பது?

அரசின் போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் சர் தியாகராயா கல்லூரி வளாகத்திலேயே செயல்படுகிறது. 500 பேருக்கு இடம். நந்தனம் அரசுக் கலைக் கல்லூரியில் இன்னொரு மையத்தில் 300 பேருக்கு இடம். கட்டணம் இல்லை. வார நாட்களில் பிற்பகலில் வகுப்பு. சேர்க்கைக்கான அறிவிப்பு நாளிதழ்களில் வரும்போது உடனே விண்ணப்பித்துவிட வேண்டும். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டை முதல் விம்கோ நகர் வரை மெட்ரோ நீண்டது. விம்கோ நகரில் ஏறினால் வண்டி மாறாமல் தியாகராயா கல்லூரி நிலையத்திலேயே இறங்கலாம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரும் தாய்மார்களுக்கும், வேலை தேடிக்கொண்டிருக்கும் பட்டதாரிகளுக்கும் பிற்பகல் பொருத்தமான நேரம்.

மூன்று ஷிஃப்ட் பார்ப்பவரால் பிற்பகல் வகுப்புக்கு வார வாரம் போக முடியாது. அவருக்கு அண்ணா நிர்வாகப் பணியாளர் கல்லூரி நடத்தும் ‘எய்ம் டி.என்.’ யூடியூப் பாடங்கள் இருக்கின்றன. எத்தனை மணிக்கும் பார்க்கலாம், நிறுத்திப் பார்க்கலாம். இரவு ஷிஃப்ட் வாரத்தில் புதிய பாடம் வேண்டாம், திருப்புதல் மட்டும் போதும். பகல் ஷிஃப்ட் வாரத்தில் புதிய பாடம். விடுமுறை நாளில் மூன்று மணி நேரம் ஒதுக்கி ஒரு முழு மாதிரித் தேர்வு. இப்படிப் பிரித்துக்கொண்டால் உடம்பும் தாங்கும், பாடமும் நகரும்.

ஒரே தெருவில் நான்கு பேர் சேர்ந்து படிப்பது இன்னும் நல்லது. ஒருவர் கேள்வி கேட்க மற்றவர்கள் பதில் சொல்லும்போது எங்கே ஓட்டை என்று உடனே தெரிந்துவிடும்.

தட்டச்சு தெரிந்தவருக்குத் தனி வாசல்

டைப்பிஸ்ட் பணிக்கும் அதே குரூப் 4 தேர்வுதான். ஆனால் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் முதுநிலை, அல்லது ஒன்றில் முதுநிலையும் மற்றொன்றில் இளநிலையும் தட்டச்சில் தேறியிருக்க வேண்டும். அந்தத் தகுதி எல்லோரிடமும் இல்லாததால் போட்டியிடுவோர் எண்ணிக்கை குறைகிறது. தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் இந்தத் தேர்வில் இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொற்கள், முதுநிலைக்கு 45. பத்தாம் வகுப்பு முடித்த கையோடு தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் சேர்ந்தவருக்கு, குரூப் 4 வயது வரும்போது சான்றிதழ் தயாராக இருக்கும். அலுவலகத் தானியங்கிக் கணினிப் படிப்பான சி.ஓ.ஏ.வையும் சேர்த்து முடித்துவிட்டால் பிறகு கவலை இல்லை.

அந்த மூன்று மணி நேரம்

2019 செப்டம்பர் 1 அன்று நடந்த குரூப் 4 தேர்வில் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் எழுதியவர்கள் பலர் தரவரிசையின் உச்சியில் வந்தார்கள். சந்தேகம் கிளம்பி சி.பி.சி.ஐ.டி. விசாரித்தபோது, எழுதிய சில மணி நேரத்தில் அழியும் மையைப் பயன்படுத்தி விடைத்தாள்களை மாற்றியது வெளிவந்தது. 99 பேருக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. அதன் பிறகு ஆணையம் விடைத்தாள் நடைமுறையை இறுக்கியது. ‘இடம் வாங்கித் தருகிறேன்’ என்று யாராவது வீட்டுக்கு வந்தால் அவரிடம் பேச ஒன்றுமில்லை. பணமும் போகும், வாழ்நாள் தகுதியும் போகும்.

இப்போதைய விடைத்தாளில் நான்கு விடைகளோடு ஐந்தாவதாக ‘விடை தெரியவில்லை’ என்ற வட்டமும் உண்டு. எந்த வினாவையும் வெறுமையாக விடக் கூடாது. கறுப்பு மை பால்பாயிண்ட் பேனா மட்டுமே. வினாத் தொகுப்பு எண், பதிவு எண், ஒவ்வொரு விடையையும் எத்தனை முறை நிரப்பினோம் என்ற எண்ணிக்கை, கைரேகை என எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது. சில பிழைகளுக்கு மதிப்பெண் குறையும், சிலவற்றுக்கு விடைத்தாளே செல்லாமல் போகும். மாதிரி விடைத்தாளை அச்செடுத்து வீட்டில் ஐந்தாறு முறையாவது நிரப்பிப் பழக வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை என்பதால் ஊகித்தாவது ஒரு விடையைத் தேர்ந்தெடுப்பது லாபம்.

180 நிமிடத்தைத் தமிழுக்கு 60, பொது அறிவுக்கு 50, கணக்குக்கு 45, சரிபார்க்க 25 என்று பிரிக்கலாம். காலை 9 மணிக்குப் பிறகு வாசல் திறக்காது. முந்தைய நாளே மையத்துக்கு ஒருமுறை போய் வழியையும் நேரத்தையும் பார்த்துவிட்டு வருவது நல்லது.

தேர்வு முடிந்ததும் உத்தேச விடைக்குறிப்பு வெளியாகும். அதில் தவறு இருந்தால் ஏழு நாட்களுக்குள் பாடநூல் ஆதாரத்தோடு இணையத்தில் மறுப்புத் தெரிவிக்கலாம். 2022 தேர்வின் முடிவு வர எட்டு மாதம் ஆனது, 2025-ல் மூன்று மாதம்தான் ஆனது. காத்திருக்கும் காலத்தில் படிப்பை நிறுத்த வேண்டாம். இதே பாடங்கள் குரூப் 2ஏ தேர்வுக்கும் பெரும்பாலும் உதவும்.

சடையங்குப்பத்தில் இதைப் படிப்பவர் இன்று செய்ய வேண்டியவை இரண்டு. வீட்டில் இருக்கும் சாதிச் சான்றிதழை வெளியே எடுத்து, யார் கையெழுத்து, யார் பெயரில் என்று பாருங்கள். பிறகு ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைத் திறந்து முதல் பாடத்தைப் படித்து முடியுங்கள். உங்கள் தெருவில் பத்தாம் வகுப்பு முடித்த இன்னொருவர் இருந்தால் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.